மாநிலங்களை வரைந்தவர்கள் மக்கள். அழிக்கும் பேனா தில்லியின் கையில்

இந்தியாவில் இன்று 28 மாநிலங்களும் 8 ஒன்றியப் பிரதேசங்களும் உள்ளன. இவை தோன்றிய கதையைப் பாடநூல்கள் ஓர் அட்டவணையாகச் சுருக்கித் தருகின்றன: இன்ன ஆண்டில், இன்ன சட்டத்தின் மூலம், இன்ன மாநிலம் உருவாக்கப்பட்டது. உருவாக்கியவர் யார் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் இன்றைய ஆட்சியாளர்கள் தங்கள் சித்தாந்தத்தால் நிரப்பி வருகிறார்கள். மாநிலங்கள் யாவும் நிர்வாக வசதிக்காகத் தில்லி வகுத்துக்கொண்ட பிரிவுகள். கொடுத்த கைக்கு எடுக்கவும் உரிமை உண்டு என்பதே அவர்களது வாதத்தின் சாரம். 2019 ஆகஸ்டில் ஒரு முழு மாநிலத்தையே வரைபடத்திலிருந்து நீக்கிய செயலுக்கும் இதுவே நியாயமாகச் சொல்லப்பட்டது.

வரலாறு இந்த வாதத்துக்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. மொழிவாரி மாநிலம் எதையும் தில்லி மனமுவந்து கொடுத்ததில்லை. மறுத்தது, தாமதித்தது, குழு அமைத்தது, துப்பாக்கியால் சுட்டது. இறுதியில் மக்களின் முன் பணிந்தது.

வெள்ளையர் விட்டுச்சென்ற கோடுகள்

பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் இந்தியாவை வென்ற வரிசையிலேயே மாகாணங்களை அமைத்தது. எந்தப் போரில் எந்த நிலம் கிடைத்ததோ அது அருகிலிருந்த மாகாணத்தோடு ஒட்டவைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் ஒரே ஆளுநரின் கீழ் இருந்தனர். கன்னடம் பேசிய மக்களோ பம்பாய், சென்னை, ஐதராபாத், மைசூர், குடகு என ஐந்து ஆட்சிகளின் கீழ் சிதறிக் கிடந்தனர். மராத்தி பேசியோரின் நிலையும் இதுவே. இடையிடையே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள், வெள்ளையரின் பாதுகாப்பில் மன்னராட்சி நடத்திக்கொண்டிருந்தன.

தாய்மொழியில் மனு எழுதினால் அதைப் படிக்கத் தெரிந்த அதிகாரி இல்லாத ஆட்சியில் விவசாயிக்கு நீதி எப்படிக் கிடைக்கும்? மொழிவாரி மாநிலக் கோரிக்கையின் வேர் இந்த எளிய கேள்வியில் இருந்தது. நீதிமன்றமும் பள்ளியும் நிலவரி அலுவலகமும் மக்கள் மொழியில் இயங்க வேண்டும் என்பது ஜனநாயகக் கோரிக்கை. அதை மொழிவெறி என்று பழித்தவர்கள், ஆங்கிலம் தெரிந்த சிறு கூட்டத்தின் ஆட்சியையே இயல்பான ஆட்சி என்று கருதியவர்கள்.

1905-இல் கர்சன் வங்கத்தைப் பிரித்தபோது எழுந்த பெருங்கிளர்ச்சி 1911-இல் அப்பிரிவினையை ரத்துசெய்ய வைத்தது. மேலிருந்து வரையப்பட்ட கோட்டைக் கீழிருந்து அழிக்க முடியும் என்பதை இந்திய மக்கள் கற்ற முதல் பெரும் பாடம் அது. ஒடியா மக்களின் நீண்ட இயக்கத்தின் விளைவாக 1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா தனி மாகாணமானது.

வாக்குறுதியும் கைவிடலும்

விடுதலைப் போராட்டத்துக்கு வெகுமக்களைத் திரட்ட மக்கள் மொழி தேவைப்பட்டது. அதனால்தான் 1920 நாகபுரி மாநாட்டில் காங்கிரஸ் தனது மாகாணக் கமிட்டிகளை மொழி அடிப்படையில் திருத்தி அமைத்தது. 1928-இல் மோதிலால் நேரு குழுவின் அறிக்கையும் மொழிவாரி மாகாணக் கொள்கையை ஏற்றது. விடுதலை பெற்ற மறுநாளே இவ்வாக்குறுதி நிறைவேறும் என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை.

ஆட்சி கைக்கு வந்ததும் குரல் மாறியது. 1948-இல் அமைக்கப்பட்ட தார் ஆணையம், மொழி அடிப்படையில் மாநிலங்கள் அமைப்பது தேச நலனுக்கு உகந்ததல்ல என்றது. அதன் முடிவு கடும் அதிருப்தியைக் கிளப்பவே, ஜவஹர்லால் நேரு, வல்லபபாய் படேல், பட்டாபி சீதாராமையா ஆகிய மூவரைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. 1949 ஏப்ரலில் வந்த அதன் அறிக்கை, நாட்டின் பாதுகாப்பு, ஒற்றுமை, பொருளாதார வளர்ச்சி ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கோரிக்கையை ஒத்திவைத்தது. மக்களைத் திரட்டப் பயன்பட்ட மொழி, மக்களிடம் அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டிய வேளையில் ஆபத்தாகத் தெரிந்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் பழைய கோடுகளையே ஏற்றுக்கொண்டது. முன்னாள் மாகாணங்கள் 'அ' பிரிவு, சமஸ்தானங்களும் அவற்றின் கூட்டமைப்புகளும் 'ஆ' பிரிவு, ஒன்றிய அரசின் நேரடிப் பார்வையில் இருந்தவை 'இ' பிரிவு எனத் தரம் பிரிக்கப்பட்டன. 'ஆ' பிரிவில் முன்னாள் மன்னர்கள் ராஜப்பிரமுகர்களாக அமர்த்தப்பட்டனர். மன்னராட்சியை எதிர்த்துத் தெலங்கானாவிலும் புன்னப்புரா வயலாரிலும் உயிர் கொடுத்த மக்களுக்குக் கிடைத்த வெகுமதி இதுவே.

தெருவில் எழுதப்பட்ட வரைபடம்

இந்த ஏற்பாடு மூன்றாண்டுகள் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. தெலுங்கு மாவட்டங்களில் விசாலாந்திராவையும் நிலத்தையும் முன்னிறுத்திய கம்யூனிஸ்டுகள் பெரும் வெற்றி கண்டனர். அப்போதும் தில்லி அசையவில்லை. 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாநோன்பைத் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். ஆந்திர மாவட்டங்கள் கொந்தளித்தன. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். நான்கே நாளில் பிரதமர் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது பிறந்தது.

அணையில் ஒரு கல் பெயர்ந்தபின் நீரைத் தடுக்க இயலாது. 1953 டிசம்பரில் பசல் அலி தலைமையில், ஹிருதயநாத் குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் அதன் முன் குவிந்தன. அதன் பரிந்துரைகளைத் திருத்தி இயற்றப்பட்ட சட்டப்படி 1956 நவம்பர் 1 அன்று 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பிரதேசங்களும் நடைமுறைக்கு வந்தன. ராஜப்பிரமுகர் பதவி ஒழிந்தது. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் எனப் பிரிந்துகிடந்த மலையாள மக்கள் ஐக்கிய கேரளத்தைப் பெற்றனர்; ஐந்தே மாதங்களில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவையைப் பதவியில் அமர்த்தினர். அந்த அமைச்சரவையை 1959 ஜூலையில் தில்லி கலைத்தது. மாநிலத்தை வென்றெடுப்பது ஒன்று, அதன் அதிகாரத்தைக் காப்பது வேறொன்று என்பதைக் கேரளம் அன்றே நாட்டுக்கு உணர்த்தியது.

1956-இன் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தையும் பீகாரையும் இணைத்து ஒரே மாநிலமாக்க இரு காங்கிரஸ் முதலமைச்சர்கள் திட்டமிட்டனர். மக்களைக் கேட்காமல் இரண்டு மாநிலங்களைக் கரைக்க முனைந்த அத்திட்டத்துக்கு எதிராக வங்க இடதுசாரிகள் வீதியில் இறங்கினர். மேக்நாத் சாகாவின் மறைவால் காலியான வடமேற்குக் கல்கத்தா மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலே கருத்துக்கணிப்பாக மாறியது. இடதுசாரிகள் ஆதரித்த மோகித் மைத்ரா வென்றார், பி.சி.ராய் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

பம்பாயில் எதிரி இன்னும் தெளிவாகத் தெரிந்தான். புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் தலைமையில் திரண்ட பெருமுதலாளிகள், பம்பாய் நகரம் மகாராஷ்டிரத்தோடு சேரக் கூடாது என்றனர். ஆலைகளைக் கட்டியது தங்கள் பணம் என்பது அவர்களது வாதம். அந்த ஆலைகளை ஓட்டிய கைகள் எவருடையவை என்று தொழிலாளிகள் திருப்பிக் கேட்டனர். 1956 ஜனவரியில் பம்பாயை ஒன்றிய அரசே நேரடியாக ஆளும் என்று நேரு அறிவித்ததும் நகரம் எரிந்தது. மொரார்ஜி தேசாய் அரசின் காவல்துறை சுட்டுக் கொன்றவர்கள் நூற்றுக்கும் மேல். எஸ்.ஏ.டாங்கே, எஸ்.எம்.ஜோஷி, ஆச்சார்ய அத்ரே ஆகியோர் முன்னின்ற சம்யுக்த மகாராஷ்டிர சமிதியின் மேடைகளில் அண்ணாபாவ் சாட்டேயும் அமர் ஷேக்கும் பாடினர். மறுபுறம் இந்துலால் யாக்னிக் தலைமையில் மகாகுஜராத் இயக்கம் அகமதாபாத்தைக் குலுக்கியது. மராத்தியருக்கும் குஜராத்தியருக்கும் பகை மூட்டித் தப்பிவிடலாம் என்ற கணக்கு பொய்த்தது. 1960 மே 1 அன்று, உழைப்பாளர் தினத்திலேயே, இரு மாநிலங்களும் பிறந்தன.

தமிழ் மக்களும் இவ்வரலாற்றின் பங்காளிகளே. குமரி மாவட்டத் தமிழர்கள் 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடி பட்டுத்தான் 1956-இல் தாயகத்தோடு இணைந்தனர். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரி விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபர் 13 அன்று தியாகி சங்கரலிங்கனார் மறைந்தார். அதே கோரிக்கைக்காக மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர், தமிழரல்லாத வங்கத் தோழர் பூபேஷ் குப்தா. அம்மசோதா அன்று தோற்கடிக்கப்பட்டது. பெயர் 1969 ஜனவரியில்தான் வந்தது. ஒரு மொழியினரின் உரிமைக்கு வேறொரு மொழியினர் குரல் கொடுத்த இந்த மரபே இந்திய ஒற்றுமையின் உண்மையான அடித்தளம்.

சிதறியது எது?

மொழிவாரி மாநிலம் நாட்டைத் துண்டாக்கும் என்று ஆரூடம் சொன்னவர்களின் நூல் இன்றும் சங் பரிவாரத்தின் வேதமாக இருக்கிறது. கோல்வால்கரின் 'பஞ்ச் ஆஃப் தாட்ஸ்' ஒற்றையாட்சி அரசைக் கோருவதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. அந்த ஆரூடத்தை வரலாறு பரிசோதித்துவிட்டது. 1950-களின் நடுவில் தெற்காசியாவின் மூன்று நாடுகள் மூன்று முடிவுகளை எடுத்தன. பாகிஸ்தான் 1955-இல் பஞ்சாப், சிந்து, பலூசிஸ்தான், எல்லைப்புற மாகாணம் ஆகியவற்றைக் கலைத்து மேற்குப் பாகிஸ்தான் என்ற ஒரே அலகாக்கியது; அதற்கு முன்பே உருது மட்டும் என்று சொல்லி 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்களைச் சுட்டிருந்தது. இலங்கை 1956-இல் சிங்களம் மட்டும் சட்டத்தை இயற்றியது. அதே 1956-இல் இந்தியா, மக்கள் போராட்டத்தின் நெருக்குதலால், மொழிகளுக்கு மாநிலம் கொடுத்தது.

பாகிஸ்தான் 1971-இல் இரண்டானது. இலங்கை கால் நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போரில் வெந்தது. பன்மையை ஏற்ற இந்தியா நிலைத்து நின்றது. இதைவிடத் தெளிவான சான்று எதற்குத் தேவை?

நாட்டுக்குள்ளும் இதே பாடம்தான். பஞ்சாபி மொழிக்கு மாநிலம் தர மறுத்த பத்தாண்டுகள் கசப்பையே வளர்த்தன. 1966-இல் பஞ்சாபும் ஹரியானாவும் பிரிந்தன, சண்டிகர் இன்றும் தீராத வழக்காக நிற்கிறது. 1966 மார்ச்சில் அய்சால் நகரின் மீது சொந்த நாட்டு விமானப்படையை ஏவி அடக்க முயன்ற மிசோ மக்கள், 1986 உடன்பாட்டுக்குப் பின் 1987 பிப்ரவரியில் தங்கள் மாநிலத்தைப் பெற்றதும் அமைதிக்குத் திரும்பினர். குண்டுவீச்சு சாதிக்காததை மாநில உரிமை சாதித்தது.

மாநிலம் யாருக்காக?

மாநிலம் கிடைத்துவிட்டால் உழைக்கும் மக்களுக்கு எல்லாம் கிடைத்துவிடும் என்பதும் மாயையே. 2000 நவம்பரில் சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஜார்க்கண்ட் ஆகிய மூன்று மாநிலங்கள் அமைந்தன. ஜார்க்கண்ட் கோரிக்கை ஜெய்பால் சிங் முண்டா காலம் தொட்டு ஆதிவாசிகள் எழுப்பியது. நீர், காடு, நிலம் ஆகியவற்றின் மீதான உரிமையே அதன் உயிர். கிடைத்ததோ பீகாரிலிருந்து வெட்டி எடுத்த பகுதி மட்டும். வங்கத்திலும் ஒரிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் இருந்த ஆதிவாசி மாவட்டங்கள் வெளியே விடப்பட்டன. பிர்சா முண்டாவின் பிறந்தநாளான நவம்பர் 15 மாநிலத்தின் தொடக்க நாளாக்கப்பட்டது. அவர் காக்கப் போராடிய நிலமோ சுரங்க நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சத்தீஸ்கரில் ஆதிவாசிகளுக்கு எதிராக ஆதிவாசிகளையே ஆயுதம் ஏந்தவைத்த சல்வா ஜுடும் படையை 2011-இல் உச்சநீதிமன்றமே சட்டவிரோதம் என்று அறிவிக்க நேர்ந்தது.

மக்கள் இயக்கத்தின் உள்ளடக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லைக்கோட்டை மட்டும் தருவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். ஆயினும் மாநிலம் என்ற களம் இருந்தால்தான் அந்த உள்ளடக்கத்துக்காகப் போராடவும் முடியும். சட்டமன்றமே இல்லாத மக்கள் யாரிடம் கணக்குக் கேட்பார்கள்?

மூன்றாம் பிரிவு எனும் பேனா

வரைபடத்தை மக்கள் எழுதினார்கள். ஆனால் பேனாவை அரசமைப்புச் சட்டம் தில்லியிடமே விட்டுவைத்தது. அதன் மூன்றாம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் எந்த மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் மாற்றலாம். ஒன்றை இரண்டாக வெட்டலாம். இரண்டை ஒன்றாக ஒட்டலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதை ஏற்க வேண்டியதில்லை. 1955-இன் ஐந்தாவது திருத்தம் அந்தக் கருத்துக்கும் கெடு விதித்தது. இத்தகைய முன்மொழிவு சம்பந்தப்பட்ட சட்டமன்றத்திலிருந்தே எழ வேண்டும் என்று அரசமைப்பு அவையில் கே.டி.ஷா கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை.

பம்பாயை மூன்று அலகுகளாக்கும் மசோதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரே இருமொழி மாநிலமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. மீண்டும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று பாபுலால் பராத்தே வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச சட்டமன்றம் நிராகரித்த மசோதாவை, அடுத்த மாதம் நேரலை ஒளிபரப்பு நின்றுபோன மக்களவை நிறைவேற்றியது. தெலங்கானா கோரிக்கையில் இடதுசாரிகளுக்குள்ளேயே இருவேறு கருத்துகள் இருந்தன. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சட்டமன்றத்தின் தீர்மானம் வெற்றுக் காகிதமானதை இரு தரப்பாருமே கவனத்தில் கொள்ள வேண்டும். காங்கிரஸ் அன்று திறந்த வழியில் பாஜக பின்னர் வண்டியோட்டியது.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் பரப்பிலிருந்து புதிய மாநிலம் அமைக்க அந்த மாநில சட்டமன்றத்தின் சம்மதம் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் மாநிலத்தின் எல்லையை மாற்ற அதன் சட்டமன்றத்தின் சம்மதத்தோடு வாக்காளர்களின் ஒப்புதலும் வேண்டும். இந்தியாவில் இத்தகைய பாதுகாப்பைப் பெற்றிருந்த மாநிலம் ஒன்றே ஒன்று: ஜம்மு-காஷ்மீர். 1954-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அதன் பரப்பையோ பெயரையோ மாற்றும் மசோதாவுக்கு அதன் சட்டமன்றத்தின் சம்மதம் தேவை.

எந்த ஒரு மாநிலத்துக்குப் பாதுகாப்பு இருந்ததோ, அந்த ஒன்றைத்தான் வெட்டினார்கள். 2018 நவம்பரில் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. 2019 ஆகஸ்ட் 5 அன்று 1954 ஆணை நீக்கப்பட்டது. கலைக்கப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தை, அதன் இடத்தில் அமர்ந்து நாடாளுமன்றமே தனக்குத்தானே தெரிவித்துக்கொண்டது. அன்றே மாநிலங்களவையும் மறுநாள் மக்களவையும் மசோதாவை நிறைவேற்றின. தலைவர்கள் காவலில், தொலைபேசிகள் ஊமையாக, தெருக்களில் முள்வேலி. அக்டோபர் 31 அன்று ஒரு மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களானது. ஒன்றியப் பிரதேசங்கள் மாநிலங்களாக உயர்ந்ததுதான் அதுவரையிலான வரலாறு. ஒரு முழு மாநிலம் தாழ்த்தப்பட்டது அதுவே முதல்முறை.

மாநில அந்தஸ்து திருப்பித் தரப்படும் என்ற அரசின் உறுதிமொழியைப் பதிவுசெய்துகொண்டு, ஒரு மாநிலத்தை இவ்வாறு தாழ்த்தலாமா என்ற கேள்விக்கு விடையளிக்காமலே 2023 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் நகர்ந்தது. லடாக் பிரிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டது. 2024-இல் தேர்தல் நடந்தது, அமைச்சரவை அமைந்தது, காவல்துறையோ துணைநிலை ஆளுநரிடம். ஒன்றியப் பிரதேசமானதைக் கொண்டாடிய லே நகர மக்களே, சட்டமன்றமற்ற ஆட்சியின் பொருளை உணர்ந்து, மாநில அந்தஸ்தும் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்டு வீதிக்கு வந்தனர். 2025 செப்டம்பர் 24 அன்று அங்கு நான்கு உயிர்கள் பலியாயின.

காஷ்மீருக்கு மட்டும் நேர்ந்தது என்று ஆறுதல் கொள்வோர், இந்த வழிமுறையைப் படிப்படியாகப் பார்க்கட்டும். குடியரசுத் தலைவர் ஆட்சி, கலைக்கப்பட்ட சட்டமன்றம், நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை. இவை போதுமென்றால் எந்த மாநிலமும் பாதுகாப்பானதல்ல.

இந்தியா மாநிலங்களின் ஒப்பந்தத்தால் உருவானதல்ல, எனவே எந்த மாநிலமும் பிரிந்து செல்ல முடியாது என்று 1948-இல் அம்பேத்கர் விளக்கினார். அதைத் திரித்து, எந்த மாநிலத்தையும் அழிக்கலாம் என்று பொருள் கொள்கிறது ஆளும் கூட்டம். பிரிந்து செல்லும் உரிமை இல்லாத மாநிலத்துக்கு, நிலைத்திருக்கும் உரிமையாவது உறுதிசெய்யப்பட வேண்டாமா?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஜம்மு-காஷ்மீருக்கு முழு மாநில அந்தஸ்து உடனே திருப்பி அளிக்கப்பட வேண்டும். லடாக் மக்களின் ஜனநாயகக் கோரிக்கைகள் ஏற்கப்பட வேண்டும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் சம்மதமின்றி எந்த மாநிலத்தின் எல்லையும் மாறக் கூடாது என்று மூன்றாம் பிரிவு திருத்தப்பட வேண்டும். மாநிலத்தை ஒன்றியப் பிரதேசமாகத் தாழ்த்துவது தடை செய்யப்பட வேண்டும். குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலத்தில் மாநில மறுசீரமைப்பு மசோதா கொண்டுவரவே இயலாதவாறு சட்டம் வேண்டும்.

இவற்றையும் தில்லி மனமுவந்து தராது. ஆந்திரத்திலும் பம்பாயிலும் வங்கத்திலும் குமரியிலும் மாநிலங்களை வென்ற அதே ஒன்றுபட்ட போராட்டம்தான் அவற்றைக் காக்கவும் வேண்டும். வரைபடத்தை எழுதிய மக்கள், பேனாவையும் தங்கள் கைக்கு மாற்றியாக வேண்டும்.